படம் ஊதும் டி.வி.

ஆம்பூரில் மெஹரு ஆப்பாவின் வீட்டுக்கு டி.வி. ரிப்பேருக்குப் போனபோது, உள்கூடத்தில் நான் முதலில் பார்த்தது ஒரு கன்னத்தைத்தான். திரை முழுக்க ஒரு பெண்ணின் முகம். அதில் பாதிக்கு மேல் கன்னம்.

“பாருங்க மேஸ்திரிம்மா, எம் பொண்ணு நஸீமா. மாஷா அல்லா, எப்படிப் பூரிச்சிருக்கா பாருங்க!”

சொல்லிக்கொண்டே ஆப்பா (உருதில் அக்கா) வெளிச்சத்தைக் கூட்டும் குமிழைத் திருகினார். வெளிச்சம் கூடவில்லை. படம் ஊதியது. எண்ணெயில் போட்ட பூரி போல அந்த முகம் உப்பிக்கொண்டே போய்த் திரையின் விளிம்புகளைத் தாண்டியது. காதைக் காணோம், தோளைக் காணோம். ஆப்பாவின் முகத்திலோ அப்படி ஒரு பூரிப்பு.

அவர் கண்ணுக்கு மகள் தெரிந்தாள். எனக்கு ஈ.எச்.டி. கோளாறு தெரிந்தது. தொழில் புத்தி அப்படித்தான், என்ன செய்வது!

சரியாகப் பத்து நிமிடம். டி.வி.யின் முதுகுப் பக்கம் சிடசிடவென்று ஒரு சத்தம் கிளம்பியது. முகம் மங்கி, இன்னும் ஒரு சுற்று ஊதி, அப்படியே இருட்டிப் போனது. குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. “அம்மி, நா நல்லா இருக்கேன். இங்க எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்க.”

“இதான் பேஜார்” என்றார் ஆப்பா. “பத்து நிமிஷத்துல மறஞ்சிடறா. அப்புறம் வெறும் குரல்தான். எனக்கு முகம் வேணும்மா.”

நஸீமா அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி துபாய் போய் இரண்டு வருடம். ஒரு தடவைகூட ஊருக்கு வரவில்லை. கடிதம் கிடையாது. டெலிபோன் எப்போதாவது, அதுவும் பேச ஆரம்பிப்பதற்குள் வைத்துவிடுவார்கள். ஆனால் சில மாதங்களுக்கு ஒரு முறை யாராவது ஊருக்கு வருகிறவர்கள் கையில் ஒரு வீடியோ கேஸட் வரும். இது நாலாவது. மகளைப் பார்க்க ஆப்பாவுக்கு இருந்த ஒரே வழி இந்த டி.வி.தான்.

லேடி இருக்காங்களாமே?

இவ்வளவு வீடுகளுக்குள் நான் எப்படிப் போனேன் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். எல்லாம் திரைச்சீலையின் புண்ணியம்.

குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் கேட்காத நாள் கிடையாது. அங்கிருந்து ரேடியோ, டி.வி. மெக்கானிசம் படிக்கப் போன முதல் பெண் நான். வகுப்பிலும் நான் ஒருத்திதான். படித்து முடித்து, கல்யாணமும் ஆகி, வேலூர் லாங் பஜாரில் ஒரு ரிப்பேர் கடையில் சேர்ந்தேன். முதல் ஆறு மாதம் முதலாளி என்னைக் கடையின் பின்பக்கம் உட்கார வைத்திருந்தார். பொம்பளை கை வைத்த பெட்டி என்று தெரிந்தால் ஆட்கள் வரமாட்டார்களாம். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு பின்பக்கமே உட்கார்ந்து சால்டரிங் செய்தேன்.

கலர் டி.வி. வந்ததும் கதையே மாறிப்போனது. ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம் என்று பக்கத்து ஊர்களிலிருந்து தோல் வியாபாரிகள் டெலிபோனில் கூப்பிட்டார்கள். “உங்க கடையில ஒரு லேடி இருக்காங்களாமே? அவங்கள அனுப்புங்க.” அந்த வீடுகளில் டி.வி. இருப்பது திரைச்சீலைக்கு உள்ளே, பெண்கள் புழங்கும் உள்கூடத்தில். ஆண் மெக்கானிக் போனால் பெண்கள் எல்லாரும் சமையலறைக்குப் போய்விட வேண்டும். டி.வி. பார்ப்பவர்களோ அவர்கள்தான்.

எங்கள் கடையில் என்னோடு வேலை பார்த்த சம்பத் ஒரு தடவை வாணியம்பாடி போனான். திரைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாள் என்ன கோளாறு என்று உருதில் மாமியாரிடம் சொல்ல, மாமியார் வீட்டுக்காரரிடம் சொல்ல, வீட்டுக்காரர் தமிழில் சம்பத்திடம் சொன்னார். “படம் உருளுது” என்று கிளம்பிய புகார், மூன்று வாய் மாறி “படம் வரல” என்று வந்து சேர்ந்தது. சம்பத் நல்லபடியாக இருந்த ட்யூனரைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தான். அதற்குப் பிறகு முதலாளி என்னைக் கடையின் முன்பக்கத்துக்குக் கொண்டுவந்து உட்காரவைத்தார்.

ஒரு கை இடுப்பில்

ஈ.எச்.டி. என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். பயப்படாதீர்கள், சுருக்கமாகத்தான். பழைய கலர் டி.வி.யின் படக்குழாய்க்கு இருபத்தைந்தாயிரம் வோல்ட் வேண்டும். வீட்டில் வரும் கரண்டை அந்த அளவுக்கு ஏற்றிக் கொடுக்கும் பகுதியைத்தான் ஈ.எச்.டி. என்போம். அது தேவைக்குக் குறைந்தால் படம் மங்கிப் பெரிதாகும். ஓரங்கள் திரைக்கு வெளியே போய்விடும். முகமெல்லாம் கலங்கித் தெரியும். இதற்கு எங்கள் பாஷையில் படம் ஊதுது என்று பெயர். அளவு கூடினால் படம் சின்னதாகிப் பளிச்சென்று ஆகும். ஆனால் குழாய்க்கும் ஆபத்து, எதிரே உட்கார்ந்து பார்ப்பவர்களுக்கும் ஆகாது. அதனால் மீட்டர் வைத்துச் சரியாக நிறுத்த வேண்டும்.

ஆளைக் கொல்லும் இடம் அது. செட்டை அணைத்த பிறகும் குழாய்க்குள் கரண்ட் உட்கார்ந்திருக்கும். ஸ்க்ரூடிரைவரில் ஒயர் கட்டி எர்த்துக்கு இறக்கினால் ‘டப்’ என்று வெடிக்கும். ஒரு தரம் இறக்கினால் போதாது. கொஞ்ச நேரம் பொறுத்து இன்னொரு தரம் இறக்க வேண்டும், மிச்சம் மீதி மறுபடி ஊறியிருக்கும். படிக்கிற காலத்தில் ஒரே தரம் இறக்கிவிட்டுக் கையை விட்டவள் நான். கரண்ட் அடித்ததைவிட, உதறின வேகத்தில் முழங்கை பீரோவில் மோதியதுதான் வலித்தது. வகுப்பே சிரித்தது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது.

ஓடுகிற செட்டில் வேலை செய்யும்போது ஒரு கை பேன்ட் பாக்கெட்டில் இருக்க வேண்டும் என்பது எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த விதி. இரண்டு கையும் உள்ளே போனால் கரண்ட் நெஞ்சு வழியாகக் கடந்து போகும். எனக்கு ஏது பாக்கெட்? முந்தானையை இழுத்துப் பின்னால் செருகி, இடது கையை அதற்குள் நுழைத்து இடுப்போடு வைத்துக்கொள்வேன். பார்ப்பவர்களுக்கு இடுப்பு வலி வந்தவள் போல் இருக்கும்.

அடுத்தது நகை. கண்ணாடி வளையலால் பாதகமில்லை. தங்கம் கூடாது. ஆப்பா வீட்டில் நான் தாலிச் செயினைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்ததைப் பார்த்து அவர் பதறிப்போனார்.

“அரே! வீட்டுக்காரரு இருக்கும்போதே கழட்டலாமா?”

“அவரு பொண்டாட்டி உசுரோட இருக்கணுமில்ல ஆப்பா?”

ஒரு நிமிடம் திகைத்தவர், அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்போடு என்னை அவர் வீட்டு மனுஷியாகச் சேர்த்துக்கொண்டார் என்றே நினைக்கிறேன்.

மூக்கு கைவிட்ட ஊர்

அந்த டி.வி.க்கு ஒரு சரித்திரம் உண்டு. தோல் வியாபாரத்துக்காக ஜெர்மனி போன ஆப்பாவின் கணவர், எங்கள் பக்கம் கலர் படமே வராத காலத்தில் அதைக் கப்பலில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அவரை ஊரில் எல்லாரும் பெரிய பாய் என்பார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். ஆசைப்பட்டு வாங்கிய பெட்டி. பார்க்க ஒன்றுமில்லாமல், தோல் பதனிடும் டேனரிக் குடோனில் வருடக்கணக்கில் கிடந்தது. பக்கத்தில் என்ன? உப்புப் போட்டு அடுக்கிய பச்சைத் தோல். உப்பு சும்மா இருக்குமா? காற்றில் இருந்த ஈரத்தையெல்லாம் இழுத்துப் பெட்டிக்குள் விட்டிருந்தது.

ஈ.எச்.டி. கசிந்தால் ஒரு வாசனை வரும். இடி இடித்து ஓய்ந்த பிறகு வீசுமே, அந்த மாதிரி. வேலூரில் என்றால் வாசலில் நின்றே மோந்து சொல்லிவிடுவேன். ஆம்பூரில் என் மூக்கு கையை விரித்துவிட்டது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் டேனரி. சுண்ணாம்புத் தொட்டியும் தோலும் சேர்ந்த நாற்றத்தில் வேறெதுவும் ஏறவில்லை. ஆப்பாவிடம் கேட்டேன், “எப்படி ஆப்பா இந்த நாத்தத்துல இருக்கீங்க?” “இன்னா நாத்தம்?” என்றார் நிஜமாகவே.

கடைசியில் பட்டப்பகலில் ஜன்னலையெல்லாம் சாத்தி, கனத்த திரைகளை இழுத்துவிட்டு, இருட்டில் டி.வி.யின் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். குழாயில் ஒயர் சேரும் ரப்பர் மூடியைச் சுற்றி நீலமாக மயிரிழை போல ஒளி ஓடியது. ட்ரிப்ளர் என்று ஒரு கறுப்புக் கட்டி இருக்கும், வோல்ட்டேஜை மூன்று மடங்காக்குவது. அதன் பக்கவாட்டிலும் விரிசல். கோளாறு பிடிபட்டுவிட்டது.

கண்ணாடியில் ஒரு கை

மெட்ராஸிலிருந்து ட்ரிப்ளர் வர ஒரு வாரம் ஆனது. மறுபடி ஆம்பூர் போனேன். ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துக் குழாயின் மேல் படிந்த உப்பைத் துடைத்தேன். பஞ்சு காபிப் பொடி நிறத்தில் வந்தது. ரப்பர் மூடி மாற்றி, ட்ரிப்ளரைப் பொருத்தி, காய விட்டு, செட்டைப் போட்டேன். சிடசிட சத்தம் இல்லை.

இனி அளவு வைக்க வேண்டும். திருகு இருப்பது டி.வி.யின் பின்னால், படம் தெரிவது முன்னால். ஆப்பாவின் அலங்கார மேசைக் கண்ணாடியை எடுத்து டி.வி.க்கு எதிரே நாற்காலியில் சாய்த்து வைத்தேன். நான் பின்னால் நின்றபடியே கண்ணாடியில் படத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நாலாவது கேஸட்டை ஓட விட்டுவிட்டு ஆப்பா எனக்கு டீ போட உள்ளே போனார்.

இடது கை இடுப்பில். வலது கையால் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினேன். மீட்டர் முள் ஏறியது. படம் சுருங்கித் தெளிந்தது. எப்போதுமே எனக்குப் பிடித்த கட்டம் அதுதான். கலங்கிய குட்டையில் மண் அடங்குவது மாதிரி இருக்கும். கன்னம் சுருங்கியது, காது வந்தது, தோள் வந்தது. முள் இருபத்தைந்தாயிரத்தில் நின்றது.

கண்ணாடியில் இருந்த பெண்ணை எனக்கு அடையாளம் தெரியவில்லை. கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கண்ணுக்குக் கீழே கறுப்பு. படத்தின் ஓரத்தில், இத்தனை நாள் திரைக்கு வெளியே கிடந்த ஓரத்தில், ஒரு ஆணின் கை. மணிக்கட்டில் தங்க நிற வாட்ச். விரல்களுக்கு நடுவே ஒரு தாள். நஸீமா அந்தத் தாளைப் பார்க்கிறாள். “அம்மி, நா நல்லா இருக்கேன்.” மறுபடி தாளைப் பார்க்கிறாள். “இங்க எல்லாரும் நல்லா பாத்துக்கறாங்க.”

திருகிலிருந்து கையை எடுத்தேன்.

உள்ளே டம்ளர் சத்தம் கேட்டது. நான் செய்த காரியத்தை மறைக்காமல் சொல்கிறேன். திருகைத் திரும்பப் பின்னுக்குத் திருப்பினேன். கொஞ்சம்தான். படம் லேசாக ஊதியது, கன்னம் நிரம்பியது, அந்தக் கை திரைக்கு வெளியே போய்விட்டது. நமக்கெதற்கு வம்பு? பெரிய இடம். நான் மெக்கானிக். பத்து நிமிடத்தில் படம் மறைகிறது என்றார்கள், இனி மறையாது. வந்த வேலை முடிந்தது.

ஆப்பா டீயோடு வந்தார். படத்தைப் பார்த்து, “யா அல்லா, எவ்ளோ நேரமா நிக்குது!” என்று டம்ளரைக் கீழே வைத்துவிட்டு என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் கண்ணில் தண்ணீர். நான் டீயைக் குடித்தேன். பின்மூடியை எடுத்துப் பொருத்தி, ஒரு திருகாணி முடுக்கினேன். இரண்டாவதை முடுக்கும்போது அந்தக் குரல் மறுபடி, “நா நல்லா இருக்கேன்.” ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் ஒரு சின்ன இடைவெளி. இடைவெளி எதற்கென்று எனக்குத் தெரியும். அவளைப் பெற்றவளுக்குத் தெரியாது. சீ, என்ன பிழைப்பு இது என்று எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. முடுக்கிய திருகாணிகளைக் கழற்றினேன்.

ஓரத்தில் என்ன இருக்கிறது

“ஆப்பா, ஒண்ணு கேக்கலாமா? படம் பெருசா வேணுமா, சரியா வேணுமா?”

“இன்னா வித்தியாசம்?”

“பெருசா வெச்சா ஓரம் தெரியாது.”

“ஓரத்துல இன்னா இருக்கு?”

நான் பின்மூடியைக் கழற்றிக் கீழே வைத்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெதுவாகப் போனது.

“திருப்பு” என்றார். அதுவரை என்னை நீங்க, வாங்க என்றே பேசியவர்.

திருப்பினேன். இந்தத் தடவை நான் கண்ணாடியைப் பார்க்கவில்லை, மீட்டரை மட்டும் பார்த்தேன். முள் சரியான இடத்துக்கு வந்ததும் கையை எடுத்தேன். கேஸட் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஆப்பா எழுந்து போய்த் திரையில் அந்தக் கை இருந்த இடத்தைத் தொட்டார். துடைத்தால் போய்விடும் என்று நினைத்தாரோ என்னவோ, சேலைத் தலைப்பால் துடைத்தார்.

“ஏங்க!” என்று அவர் போட்ட சத்தம் டேனரி வரை கேட்டிருக்கும்.

பெரிய பாய் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் வந்து நின்றது தெரிந்தது. நான் உள்ளே இருக்கும்போது அவர் ஒரு நாளும் திரையைத் தாண்டியதில்லை. “இன்னா ஆச்சு?” என்றார்.

“உள்ள வாங்க. வந்து பாருங்க உங்க பொண்ண.”

வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தவர், “மெஷின் கோளாறா இருக்கும்” என்றார். குரலில் பிசிறடித்தது. “எளச்ச மாதிரி காட்டுது. மேஸ்திரிம்மா, பழையபடியே வெச்சிடுங்க. இவளுக்கு மனசு தாங்காது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தில் பாதி, சற்று முன் அதையே செய்த என் மேல்.

“பாய், வோல்ட்டேஜ் கம்மியானா படம் பெருசாகும். ஜாஸ்தியானா சின்னதாகும். கையெல்லாம் மொளைக்காது.”

அவர் திரைக்குக் கிட்டே போய்க் குனிந்தார். அந்த மணிக்கட்டையே பார்த்தார். பிறகு பக்கத்திலிருந்த ஆப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார், “அந்த வாட்ச் நா குடுத்தது. நிக்காஹ்ல மாப்பிள்ளைக்கு நானே கட்டிவிட்டேன்.”

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊரில் அவர் வந்தால் பத்து பேர் எழுந்து நிற்பார்கள். அந்த மனிதர் தரையில் உட்கார்ந்து ஓடுகிற கேஸட்டை முடிகிற வரை பார்த்தார். முடிந்ததும் ஆப்பா அதை மறுபடி முதலிலிருந்து போடவில்லை.

“போய்க் கூட்டிட்டு வாங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

நான் பின்மூடியை மாட்டி, தாலிச் செயினைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். பஸ்ஸில் வேலூர் வந்து சேரும்வரை, ஒரு குடும்பத்தைக் கலைத்துவிட்டேனோ என்ற பயம் விடவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூட அன்று சொல்லவில்லை.

கதவு திறந்தது

இரண்டு மாதத்துக்குப் பிறகு கடைக்கு டெலிபோன். மெஹரு ஆப்பா.

“டி.வி.க்கு இன்னா ஆப்பா?”

“டி.வி. நல்லாத்தான் இருக்கு. நீங்க வாங்க.”

போனேன். கதவைத் திறந்தது ஆப்பா அல்ல. தலையில் துப்பட்டா போட்ட ஒரு பெண். எனக்கு அடையாளம் தெரிய ஒரு விநாடி பிடித்தது. கண்ணாடியில் நான் பார்த்ததைவிட அவள் இன்னும் இளைத்திருந்தாள்.

“நீங்கதானே டி.வி. அக்கா?” என்றாள். கேஸட்டில் கேட்ட அதே குரல். ஆனால் இப்போது வார்த்தைகளுக்கு முன்னால் அந்த இடைவெளி இல்லை. என் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டே பேசினாள்.

“அப்பா வந்து நின்னப்ப எனக்கு நம்பவே முடியல அக்கா. நாலு கேஸட்டுலயும் நா நல்லா இருக்கேன்னு சொன்னேன். நாலு தடவையும், அம்மி இத நம்பக் கூடாதுன்னு துவா பண்ணிக்கிட்டேதான் சொன்னேன்.”